சேமக்கலத்தின் காவலன்: பழைய மோட்டார் வண்டிகளின் மின்னழுத்தச் சீராக்கி

காவிரி நதி சிவசமுத்திரத்தில் வீழும் வேகத்தைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் மின்சாரம் ஆக்கப்பட்டது. அம்மின்சாரம் முதற்கண் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல், பெங்களூர் நகரத்துத் தெருக்களில் விளக்கேற்றிற்று. இத்தகைய நிலையங்களில் நீர்ச்சக்கரத்தின் வேகம் எப்போதும் ஒரே அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. வேகம் சற்றே மிகுந்தால் நீர்வாயில் தானாகவே சிறிது மூடிக்கொள்ளும், குறைந்தால் திறந்துகொள்ளும். ஆக்கும் யந்திரத்தின் வேகம் நிலையாக இருத்தலால், பிறக்கும் மின்சாரத்தை அளவில் நிறுத்துவதும் எளிதாகிறது.

மோட்டார் வண்டிக்கு இந்த வசதி கிடையாது. சந்திப்பில் நிற்கும்போது அதன் எஞ்சின் நிமிடத்திற்கு அறுநூறு அல்லது எழுநூறு முறை சுழலும். நெடுஞ்சாலையில் விரையும்போது நாலாயிரத்தையும் தாண்டும். வண்டியின் மின்னாக்கியோ அந்த எஞ்சினாலேயே சுழற்றப்படுவது. எனினும் விளக்குகள் பொசுங்காமலும், பாட்டரி எனப்படும் சேமக்கலம் கெடாமலும் இருக்க வேண்டும். இப்பணியைப் பல ஆண்டுகள் செய்துவந்தது, எஞ்சினுக்கு அருகே ஒரு மூலையில் திருகப்பட்டிருந்த சிறிய கறுப்புப் பெட்டியொன்று. நூல்கள் அதனை மின்னழுத்தச் சீராக்கி என்று குறிக்கும். பட்டறைகளில் அதற்கு ரெகுலேட்டர் என்று பெயர். பெட்டி முழுவதையுமே ‘கட்-அவுட்’ என்று அழைப்பாரும் உண்டு.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று பெங்களூரில் பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போர் ஒன்றுகூடுகின்றனர். அவ்வண்டிகள் 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவாகியவை. அத்தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஆயினும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 6 வோல்ட் டைனமோவையும், மேற்கூறிய சீராக்கியையும் கொண்டவை. சிற்றூர்களில் உழைக்கும் பழைய டிராக்டர்கள் சிலவற்றிலும் இதே அமைப்பைக் காணலாம். ‘பாட்டரி நிற்பதில்லை’ என்று இவற்றின் சொந்தக்காரர்கள் குறைப்படுவதுண்டு. புதிய சேமக்கலம் வாங்கிப் பொருத்துவர். சில மாதங்களில் அதுவும் கெடும். குற்றம் பல வேளைகளில் சேமக்கலத்தினுடையது அன்று. அதற்கு உணவளிக்கும் அளவினுடையது. அந்த அளவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிந்தவர் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

வேகமும் அழுத்தமும்

காந்தப் புலத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள் சுழலும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கிறது என்பது உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிந்ததே. அழுத்தத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: சுழற்சியின் வேகம் ஒன்று; காந்தப் புலத்தின் வலிமை மற்றொன்று. புலம் மாறாதிருக்க, வேகம் இருமடங்கானால் அழுத்தமும் இருமடங்காகும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. முன்னாளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய ஸ்கூட்டர்கள் பலவற்றில் நிலைக்காந்தம் பொருந்திய சக்கரமே விளக்குக்கு நேராக மின்சாரம் அளித்தது. வண்டியை முடுக்கினால் விளக்கு பளிச்சிடும்; வேகம் குறைந்தால் மங்கிச் சிவக்கும். இருட்டில் மேடுபள்ளத்தைக் காண்பதற்காக, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமச் செய்தவர்கள் இதை நன்கு நினைவுகூர்வர்.

காரிலும் ஜாவாவிலும் உள்ள டைனமோவில் நிலைக்காந்தம் இல்லை. இரும்புத் துருவங்களைச் சுற்றியுள்ள புலச்சுருளில் மின்சாரம் பாய்ந்து அவற்றைக் காந்தமாக்குகிறது. அந்த மின்சாரத்தையும் டைனமோவே தன் விளைவிலிருந்து சிறிது எடுத்துக் கொடுக்கிறது. முதலில் துருவங்களில் எஞ்சியுள்ள மெல்லிய காந்தத்தால் ஒரு சிறு அழுத்தம் தோன்றும். அது புலச்சுருளில் பாய்ந்து காந்தத்தை வலுப்படுத்தும். வலுப்பெற்ற காந்தம் மேலும் அழுத்தத்தை ஆக்கும். கட்டுப்பாடின்றி விட்டால் 12 வோல்ட் வண்டியின் டைனமோ மிதமான வேகத்திலேயே 20 வோல்ட்டை எட்டிவிடும். விளக்கின் இழை இதைத் தாங்காது. அழுத்தம் பத்து விழுக்காடு மிகுந்தாலே இழைவிளக்கின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

வேகத்தை மாற்றுவது ஓட்டுநரின் உரிமை. அதில் கைவைக்க இயலாது. ஆகவே மாற்றத்தக்கது காந்தப் புலம் ஒன்றே. வேகம் கூடும்போது புலத்தைத் தளர்த்தவும், குறையும்போது வலுப்படுத்தவும் வேண்டும். சீராக்கியின் முழுத் தத்துவமும் இதுவே.

சேமக்கலம் வேண்டும் அளவு

வண்டிகளின் சேமக்கலம் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தகத் திராவகமும் கொண்டது. ஓர் அறை சுமார் 2 வோல்ட் அளிக்கும். 12 வோல்ட் கலத்தில் ஆறு அறைகள், 6 வோல்ட் கலத்தில் மூன்று. முழுமையாக மின்னேறி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் கலம் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதனுள் மின்சாரத்தைச் செலுத்த வேண்டுமானால் அதைவிட மிகுந்த அழுத்தம் தேவை. ஆனால் அறையொன்றுக்கு சுமார் 2.4 வோல்ட், அதாவது மொத்தத்தில் 14.4 வோல்ட் அளவை எட்டும்போது, செலுத்தப்படும் மின்சாரம் தகடுகளை மாற்றுவதை விட்டு, திராவகத்திலுள்ள நீரை ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் வாயுக்களாகப் பிரிக்கத் தொடங்குகிறது.

அளவு மிகுந்தால் நீர் வற்றும், தகடுகள் அரிக்கப்படும், கலம் சூடேறும். மூடியைத் திறந்த இடத்தில் ஒரு தீப்பொறி பட்டாலும் வாயு வெடிக்கும். அளவு குறைந்தாலும் தீமையே. குறைமின்னேற்றத்தில் நெடுநாள் கிடக்கும் தகடுகளின் மேல் ஈய ஸல்பேட் கடினமாகப் படிந்துவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அது எளிதில் கரைவதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி சேமக்கலத்துக்கு முற்றிலும் பொருந்தும். அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சே என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்மை பயக்கும் எல்லை ஒன்று அல்லது ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாம் கரித்துண்டு

ஜெர்மனியில் போஷ் நிறுவனம் டைனமோ, சீராக்கி, சேமக்கலம், விளக்கு ஆகிய அனைத்தும் அடங்கிய தொகுதியை 1913இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தொடர்பில் 1951இல் தோன்றிய மைக்கோ தொழிற்சாலை பெங்களூரின் பெயரை மோட்டார்த் தொழிலில் நிலைநாட்டியது என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஆனால் அக்காலத்து வண்டிகள் எல்லாவற்றிலும் சீராக்கி இருந்ததில்லை. மலிவான முறையொன்று நெடுங்காலம் வழங்கிற்று.

டைனமோவில் மின்சாரத்தைத் திரட்டும் கரித்துண்டுகள் இரண்டு. அவற்றுக்கு இடையே மூன்றாவது ஒன்றை வைத்து, புலச்சுருளுக்கு அதன் வழியே மின்சாரம் கொடுத்தனர். வேகம் மிகும்போது சுழல்சுருளில் பாயும் மின்னோட்டமே காந்தப் புலத்தைக் கோணச் செய்யும். அதனால் மூன்றாம் கரித்துண்டுக்குக் கிட்டும் அழுத்தம் குறைந்து புலம் தளரும். இம்முறை எளிதுதான், ஆனால் இது கட்டுப்படுத்தியது மின்னோட்டத்தையே அன்றி அழுத்தத்தை அன்று. கலம் வெறுமையாக இருப்பினும் நிறைந்திருப்பினும் ஏறக்குறைய ஒரே ஓட்டம் பாய்ந்தது. பகல் முழுவதும் ஓடும் வண்டியில் கலம் கொதித்தது. இரவில் சிறிது தூரமே ஓடும் வண்டியில் அது பட்டினி கிடந்தது. சேமக்கலத்தின் இணைப்பு நழுவினாலோ அழுத்தம் ஓங்கி விளக்குகள் ஒருங்கே பொசுங்கின. பசித்தவனுக்கும் உண்டவனுக்கும் ஒரே அளவு சோறு இடும் இம்முறை, 1930களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பின்தள்ளப்பட்டு, அதிர்வுச் சீராக்கி பரவலாயிற்று.

நடுங்கும் நாக்கு

சீராக்கியின் மூடியைக் கழற்றினால் மெல்லிய கம்பி பல சுற்றுச் சுற்றிய ஒரு மின்காந்தம் தென்படும். அதன் தலைக்கு மேலே மெல்லிய இரும்புத் தகடொன்று, ஒரு வில்லின் இழுப்பில், நாக்கைப்போல் நிற்கும். நாக்கின் நுனியில் ஒரு தொடுமுனை. அதற்கு எதிரே அசையாத மற்றொரு தொடுமுனை. இயல்பான நிலையில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். டைனமோவின் புலச்சுருளுக்குச் செல்லும் மின்சாரம் அவற்றின் வழியாகவே பாய்கிறது. தொடுமுனைகளுக்கு இணையாக ஒரு தடைக்கம்பியும் உண்டு. அவை தொட்டிருக்கும் வரை அந்தத் தடைக்கு வேலை இல்லை.

மின்காந்தத்தின் மெல்லிய சுருள் டைனமோவின் விளைவு முனைகளுக்கு இடையே இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டைனமோவின் அழுத்தத்தை அது எந்நேரமும் உணர்ந்துகொண்டிருக்கும். அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் காந்தம் வில்லின் வலிமையை வென்று நாக்கை இழுக்கும்; தொடுமுனைகள் பிரியும். இப்போது புலச்சுருளுக்கு மின்சாரம் செல்லத் தடைக்கம்பி ஒன்றே வழி. புலம் தளர்கிறது; அழுத்தம் விழுகிறது. விழுந்தவுடன் மின்காந்தமும் வலிவிழக்கிறது. வில் நாக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. தொடுமுனைகள் மீண்டும் சேருகின்றன. அழுத்தம் ஏறுகிறது, நாக்கு மறுபடி இழுக்கப்படுகிறது. இவ்வாறு நொடிக்குப் பல பத்து முறை நாக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும்.

வயலில் நீர் மட்டத்தைக் காக்கும் உழவர் மடையைத் திறந்தும் அடைத்தும் வருவார். நீர்வரத்து மிகுந்த நாளில் மடை பெரும்பொழுது அடைபட்டிருக்கும். வரத்துக் குறைந்த நாளில் பெரும்பொழுது திறந்திருக்கும். வயலின் மட்டமோ மாறாது. சீராக்கியும் அவ்வாறே இயங்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது தொடுமுனைகள் பெரும்பகுதி நேரம் சேர்ந்திருக்கும். விரையும்போது பெரும்பகுதி நேரம் பிரிந்திருக்கும். சேர்ந்திருக்கும் காலத்துக்கும் பிரிந்திருக்கும் காலத்துக்கும் உள்ள விகிதமே புலத்தின் சராசரி வலிமையைத் தீர்மானிக்கிறது. புலச்சுருளின் மின்னோட்டம் சட்டென மாற இயலாததாகையால், நாக்கின் நடுக்கம் விளக்கொளியில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறித்த அளவு எது என்பதை நிர்ணயிப்பது வில்லின் இறுக்கம். வில்லை இறுக்கினால் அழுத்தம் உயரும், தளர்த்தினால் தாழும். அதற்கென ஒரு சிறு திருகு உண்டு. பெட்டியில் உள்ளவற்றுள் மிகுந்த கேடு விளைவிக்க வல்லதும் அந்தத் திருகுதான்.

கட்-அவுட் என்னும் கதவு

அதே பெட்டிக்குள் இரண்டாவது மின்காந்தம் ஒன்றும் உண்டு. கட்-அவுட் என்ற பெயர் உண்மையில் இதற்கே உரியது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் மிக மெதுவாகச் சுழலும்போதும் டைனமோவின் அழுத்தம் சேமக்கலத்தின் அழுத்தத்தைவிடக் குறைவு. அப்போது இரண்டும் இணைந்திருந்தால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து கலம் வற்றும். டைனமோவே ஒரு மோட்டாராகச் சுழல முற்படும். எஞ்சினோடு பிணைந்திருத்தலால் சுழல இயலாமல் சூடேறிப் பொசுங்கும்.

இதைத் தடுப்பதற்காக, கட்-அவுட்டின் தொடுமுனைகள் இயல்பில் பிரிந்தே இருக்கும். பிரிட்டிஷ் லூகாஸ் அமைப்பைச் சேர்ந்த 12 வோல்ட் பெட்டிகளில், டைனமோவின் அழுத்தம் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் வந்ததும் அவை சேர்ந்து சேமக்கலத்தை டைனமோவுடன் இணைக்கும். வேகம் குறையும்போது மின்சாரம் பின்னோக்கிப் பாயத் தொடங்கும். அந்த ஓட்டமே தடித்த சுருளொன்றின் வழியே சென்று காந்தத்தைத் தளர்த்தி, கதவைத் திறந்துவிடும். ஓட்டுநரின் முன்னுள்ள சிவப்பு விளக்கு மங்கி அணைவதும் மீண்டும் எரிவதும் டைனமோவின் அழுத்தம் கலத்தின் அழுத்தத்தை எட்டியதையும் அதனின்று தாழ்ந்ததையும் காட்டும்.

சுமைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப

அழுத்தத்தை மட்டும் காப்பதில் ஓர் இடர் உண்டு. முற்றும் வற்றிய சேமக்கலம் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அழுத்தம் உயராததால் சீராக்கி புலத்தைத் தளர்த்தாது. டைனமோ தன் சக்திக்கு மீறி உழைத்துப் பொசுங்கும். இதற்கு இரு தீர்வுகள் காணப்பட்டன.

முதலாவது, வெளிச்செல்லும் மின்னோட்டத்தையும் சீராக்கியின் காந்தத்தைச் சுற்றிச் சில சுற்றுகள் செலுத்துவது. ஓட்டம் மிகும்போது அச்சுற்றுகள் காந்தத்துக்குத் துணை நிற்கும். நாக்கு முன்னதாகவே இழுபடும். சுமை கூடக்கூட அழுத்தம் தாழ்ந்துகொடுக்கும். இவ்வகைப் பெட்டியைச் சேமக்கலத்தினின்று பிரித்து வெறுமையாகச் சோதிக்கும்போது சுமார் 16 வோல்ட் காட்டுவது இயல்பே. இதனை அறியாதவர் ‘அழுத்தம் மிகுதி’ என்று திருகைத் தளர்த்திவிட, அன்றுமுதல் கலம் பட்டினி கிடக்கும். இரண்டாவது தீர்வு, மின்னோட்டத்தை மட்டும் கண்காணிக்கும் மூன்றாவது மின்காந்தம் ஒன்றைச் சேர்ப்பது. அமெரிக்க வண்டிகளில் முன்னரும், பிரிட்டிஷ் வண்டிகளில் பின்னரும் இம்மூன்று சுருள் பெட்டி வழங்கிற்று. இதில் வெறுமைச் சோதனை அளவு 14.5 முதல் 15.5 வோல்ட்டே. ஆகவே பெட்டியைத் திறந்தவுடன் சுருள்கள் இரண்டா மூன்றா என்று எண்ணிப் பார்ப்பது முதற்கடமை.

வெப்பமும் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளது. உஷ்ணநிலை பத்து டிகிரி செல்ஸியஸ் உயர்ந்தால் 12 வோல்ட் கலத்துக்குத் தகுந்த அழுத்தம் ஏறக்குறைய கால் வோல்ட் குறைகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அளவாக இருந்த சீராக்கி, கோடைக்காலச் சென்னையில் கலத்தைக் கொதிக்கச் செய்யலாகாது. ஆதலால், வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடொன்று வில்லுக்குத் துணையாக அமைக்கப்பட்டது. வெப்பம் மிகும்போது வில்லின் இறுக்கம் தானே தளர்ந்து, அழுத்தம் தாழ்ந்துவிடும்.

பெங்களூர்த் தெருக்களில்

இந்நுட்பம் அனைத்தும் அமைந்த பெட்டிக்கு இன்றைய பெங்களூரில் ஒரு சோதனை நேர்ந்திருக்கிறது. டைனமோ ஏறக்குறைய நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுகளைத் தாண்டிய பின்னரே மின்னேற்றத் தொடங்கும். நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டியில் அவ்வேகம் கிட்டுவது அரிது. முகப்பு விளக்குகள், பின்விளக்குகள், தீப்பொறிச் சுருள் ஆகியவை சேர்ந்து ஒரு பழைய கார் சுமார் 12 ஆம்பியர் செலவிடுவதாகக் கொள்வோம். மாலை நெரிசலில் முக்கால் மணிநேரம் நின்றால் 9 ஆம்பியர்-மணி செலவாகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள கலத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. வரவின்றிச் செலவு தொடர்ந்தால் சில மாலைகளில் கலம் வற்றிவிடும். எத்துணைச் சிறந்த சீராக்கியும் இல்லாத மின்சாரத்தை உண்டாக்க வல்லதன்று. இருப்பதை அளவோடு கொடுப்பதே அதன் வேலை.

6 வோல்ட் வண்டிகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஜாவாவின் டைனமோ எஞ்சினின் வளைதண்டு முனையிலேயே நேராகப் பொருத்தப்பட்டது. வார் நழுவும் கவலை இல்லை. ஆனால் துருப்பிடித்த இணைப்பொன்றில் அரை வோல்ட் இழப்பு ஏற்பட்டால், 12 வோல்ட் வண்டியில் அது நான்கு விழுக்காடு. 6 வோல்ட் வண்டியில் எட்டு விழுக்காடு. எட்டு விழுக்காட்டுக் குறைவால் இழைவிளக்கின் ஒளி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மங்கிவிடும். மங்கிய முகப்பு விளக்கால் இரவில் நேரக்கூடிய விபத்தை எண்ணினால், இது வெறும் கணக்கன்று என்பது விளங்கும்.

டைனமோவின் குறைகளை நீக்கியது ஆல்டர்னேட்டர் என்னும் மாறுமின்னாக்கி. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாதிரி வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. சிலிக்கான் டயோடுகள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குகின்றன. பின்னோட்டத்தையும் அவையே தடுப்பதால் கட்-அவுட் தேவையில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் மின்சாரம் கிட்டும். ஆயினும் அழுத்தச் சீராக்கி மறையவில்லை. வடிவம் மாத்திரமே மாறிற்று. தொடுமுனைகளின் இடத்தில் டிரான்ஸிஸ்டரும், வில்லின் இடத்தில் ஸீனர் டயோடும் அமர்ந்தன. புலத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் முறை அதுவே. பழைய பெட்டியின் தோற்றம் மாறாதிருக்க விரும்பும் சிலர், அதன் உட்பகுதியில் மின்னணுச் சீராக்கியைப் பொருத்திக்கொள்வதும் உண்டு.

பழுது காணும் முறை

சீராக்கியைக் குறைகூறுமுன் மற்றவற்றைச் சோதித்தல் வேண்டும். வரிசை பின்வருமாறு:

முதலாவதாக, சேமக்கலத்தின் முனைகளையும், வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பையும் துலக்கி இறுக்க வேண்டும். சீராக்கிப் பெட்டியின் எர்த் இணைப்புக்குத் தனிக் கவனம் தேவை. அது கெட்டால் மின்காந்தம் உண்மை அழுத்தத்தைவிடக் குறைவாகவே உணரும், நாக்கு இழுபடாது, டைனமோ அளவு மீறி ஆக்கும். பழுதில்லாத சீராக்கி பழி சுமப்பது பெரும்பாலும் இங்கேதான். வார் உள்ள வண்டியில் அதன் இறுக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, டைனமோவைத் தனியே சோதித்தல். அதன் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, விளைவு முனையையும் புல முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை எர்த்திலும் வைக்க வேண்டும். எஞ்சினின் வேகத்தை மெல்ல உயர்த்தினால் முள் தயக்கமின்றி ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடலாகாது. முள் ஏறாவிடில் பழுது டைனமோவில். கரித்துண்டுகள் தேய்ந்துள்ளனவா என்று முதலில் காண்க. இச்சோதனை லூகாஸ் வகைக்கு உரியது. புல முனை எர்த்தோடு இணையும் வேறு வகைகளும் உண்டாகையால், இன்ன வகை என்று உறுதிசெய்த பின்னரே துணிய வேண்டும்.

மூன்றாவதாகவே சீராக்கி. டைனமோவின் கம்பிகளை மீண்டும் பொருத்தி, சேமக்கலத்துக்குச் செல்லும் கம்பிகளைப் பெட்டியிலிருந்து நீக்கி, அவை ஒன்றோடொன்றும் உடலோடும் தொடாதவாறு காத்து, டைனமோ முனையின் அழுத்தத்தை அளக்க வேண்டும். வேகம் கூடியும் முள் ஏறாமல் நிலைத்து நிற்கும் இடமே சீராக்கியின் அளவு. இச்சோதனையை அரை நிமிடத்துக்குள் முடித்தல் நன்று; நேரம் நீண்டால் சுருள் சூடேறி அளவு பிழைபடும். தொடுமுனைகள் கரிந்திருந்தால் முதலில் அவற்றைத் துலக்க வேண்டும். சீராக்கியின் முனைகள் கடினமானவை. நயமான சாணைக்கல் ஏற்றது. கட்-அவுட்டின் முனைகள் மென்மையானவை. மிக நயமான கண்ணாடித்தூள் தாள் போதும். பின்னர் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் அளவு தவறியிருந்தால் மட்டுமே திருகைத் தொடலாம். வோல்ட்மீட்டர் இன்றித் திருகைத் திருப்புவது, தராசு இன்றி மருந்து நிறுப்பதற்கு ஒப்பாகும்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் எதிர்முனை அன்றி நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய கலம் பொருத்துமுன் இதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மின்னேறிக்கொண்டிருக்கும் கலத்தின் அருகே தீக்குச்சியோ பீடியோ கூடாது.

வகுப்பறையில்

அறிவியல் ஆசிரியருக்கு இப்பெட்டி விலைமதிப்பற்ற கருவி. பெங்களூரில் ஜே. ஸி. ரோடு, சிவாஜி நகர் போன்ற உதிரிப்பொருள் கடைத்தெருக்கள் உள்ளன. அத்தகைய கடைகளில் கழிக்கப்பட்ட பெட்டியொன்று கிடைத்தால் மூடியைக் கழற்றி மாணவர் கையில் கொடுக்கலாம். பாடநூலில் உள்ள மின்சார மணியோடு அதனை ஒப்பிடச் சொல்லலாம். மணியிலும் மின்காந்தம் நாக்கை இழுக்கிறது, இழுத்தவுடன் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்கிறது, நாக்கு மீள்கிறது. சீராக்கியிலோ நாக்கு வேறொரு சுற்றின் மின்சாரத்தைக் குறைக்க, அதன் விளைவு சுற்றி வந்து நாக்கையே விடுவிக்கிறது. விளைவை அளந்து, அதற்கேற்பக் காரணத்தைத் திருத்தும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். சிவசமுத்திரம் போன்ற நீர்மின் நிலையத்தில் நீர்வாயிலை அசைப்பதும் இதே முறையே.

சைக்கிள் டைனமோ ஒன்றைச் சுழற்றி, வேகத்துக்கேற்ப விளக்கு மாறுவதை முதலில் காட்டி, அதன்பின் சீராக்கியை விளக்கினால் பாடம் மனத்தில் பதியும். பெங்களூர் கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பொருட்காட்சிச்சாலை, 1965இல் பொதுமக்களுக்கு முதன்முதலாகத் திறந்த கூடம் மின்சாரத்தைப் பற்றியதே. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், போகுமுன் இப்பெட்டியைக் காட்டிவிட்டால் பயணத்தின் பயன் இருமடங்காகும்.

அளவைக் காத்தல் என்னும் இப்பணி பழைய வண்டிகளோடு முடிந்துவிடவில்லை. பெங்களூரில் உருவாகி 2001இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்சாரக் காரில், எட்டு ஈயச் சேமக்கலங்கள் 48 வோல்ட் அளித்தன. அங்கும் மின்னேற்றம் மிகாமலும் குறையாமலும் காக்க வேண்டியிருந்தது. இன்றைய மின்வண்டிகளின் லித்தியம் கலங்களில் அந்த எல்லை இன்னும் குறுகியது. மீறினால் விளையும் கேடு இன்னும் பெரிது. காவல் நிற்பது இப்போது நடுங்கும் இரும்பு நாக்கு அன்று, மின்னணுச் சில்லு. அது செய்வதைக் கண்ணால் காண இயலாது. பழைய பெட்டியிலோ காணலாம். காதை வைத்தால் அதன் மெல்லிய ரீங்காரத்தைக் கேட்கவும் செய்யலாம். அந்த ஒலி நிலையாக இருக்கும் வரை சேமக்கலம் தன் அளவோடு உண்கிறது என்று கொள்ளலாம். ஐயம் எழுந்தால், புதிய கலத்துக்குப் பணம் எடுக்குமுன் வோல்ட்மீட்டரை எடுக்க வேண்டும்.